ஊர் கேட்கும் கேள்வி: ஆப்பிரிக்காவில் சுகாதார நீதிக்கான பங்கேற்பு ஆய்வு – முழுமையான வழிகாட்டி

ஆய்வு என்று சொல்லிக்கொண்டு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "போன தடவை வந்தவர்களும் இப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். அது என்ன ஆயிற்று?" ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து, இரத்த மாதிரியையும் நிரப்பிய படிவங்களையும் எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போன ஆய்வுகள் அங்கே ஏராளம். 'ஹெலிகாப்டர் ஆய்வு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

அதற்கு மாற்றாக அந்த மண்ணிலும் வேர்விட்டு வளர்ந்த முறைதான் பங்கேற்புச் செயல் ஆய்வு. பிரச்சினையோடு வாழ்கிறவர்களே அதை அலசுவார்கள், என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள், செய்து பார்ப்பார்கள், செய்ததிலிருந்து கற்றுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்து அலசுவார்கள். வெளியிலிருந்து வருபவர் அந்தச் சக்கரம் சுழலத் தொடங்க ஒரு கை கொடுப்பவர்.

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள், தொண்டு நிறுவன வேலைக்காக ஆப்பிரிக்கா போகிறவர்கள், அங்குள்ள மருத்துவமனைகளில் பணியாற்றும் நம்மவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் களத்தில் நான்காம் படியில் நிற்கும்போது இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், இந்த முறையின் இயல்பே அதுதான்.

கிளம்புவதற்கு முன்: கொஞ்சம் வரலாறு

1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள போலேலாவில் ஒரு சமூகச் சுகாதார நிலையம் தொடங்கினார்கள். உள்ளூர்க்காரர்களைச் சுகாதார உதவியாளர்களாகப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். யார் எங்கே வசிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், யார் ஊரைவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்து கொடுத்ததோடு நிற்காமல் காய்கறித் தோட்டம் போட வைத்தார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பரவியதற்கும், ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சுரங்கங்களுக்கு அழைத்துச்சென்ற கூலிமுறைக்கும் உள்ள தொடர்பை சிட்னி கார்க் எழுதிக் காட்டினார். நோயின் வேர் மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பழைய உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு. நிறவெறி அரசின் கீழ் அந்த முயற்சி நலிந்தது. 1950-களின் இறுதியில் கார்க் தம்பதி நாட்டைவிட்டே போனார்கள்.

தான்சானியாவில் 1973-இல் 'ம்டு நி அஃப்யா' என்றொரு இயக்கம் நடந்தது. சுவாஹிலியில் அதற்கு 'மனிதனே ஆரோக்கியம்' என்று பொருள். ஊர்தோறும் குழுக்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து மலேரியா, வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு பற்றிக் கேட்டன, பேசின. பேசி முடித்ததும் எழுந்துபோய் கழிப்பறைக் குழி தோண்டின. ஏறக்குறைய 20 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அதே 1970-களில் தான்சானியாவில் பின்லாந்து மானிடவியலாளர் மார்யா-லீசா ஸ்வான்ட்ஸ் போன்றவர்கள் கிராம மக்களோடு சேர்ந்து செய்த வேலையும் 'பங்கேற்பு ஆய்வு' என்ற சொல் உலகத்தில் நிலைபெறக் காரணமானது.

நம் ஊர்த் தொண்டு நிறுவனங்களில் பி.ஆர்.ஏ. என்று சொல்லும் பங்கேற்பு ஊரக மதிப்பீடு பலருக்குப் பழக்கம். 1988 வாக்கில் அது இந்தியாவிலும் கென்யாவின் மச்சாகோஸ் பகுதியிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வடிவம் பெற்றது. தமிழ்நாட்டில் பெண்கள் கோலப்பொடியால் ஊர்ப்படம் போட்டார்கள். அங்கே குச்சியாலும் சாம்பலாலும் சோள மணியாலும் போடுகிறார்கள்.

சமம் வேறு, நியாயம் வேறு

ஒரு சுகாதார நிலையத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருத்தி பத்து நிமிடம் நடந்தால் போதும், இன்னொருத்தி வெள்ளம் போகும் ஆற்றைக் கடந்து மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். சமமாகக் கொடுத்தாயிற்று, ஆனால் இரண்டாமவளுக்குக் கிடைக்கவில்லை. தேவை அதிகமுள்ள இடத்துக்கு அதிகம் போக வேண்டும் என்பதுதான் இங்கே நாம் பேசும் நீதி.

1997-இல் போட்ஸ்வானாவின் கசானே நகரில் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வாளர்களும் அதிகாரிகளும் மக்கள் அமைப்பினரும் இதைப் பற்றிப் பேசக் கூடினார்கள். அதன் தொடர்ச்சியாக 1998-இல் 'ஈக்வினெட்' என்ற வலையமைப்பு பிறந்தது. அதன் செயலகம் ஜிம்பாப்வேயின் ஹராரேயில் உள்ள 'டார்ஸ்க்' என்ற பயிற்சி, ஆய்வு மையத்தில் இருக்கிறது. தேவையற்ற, தவிர்க்கக்கூடிய, நியாயமில்லாத வேறுபாடுகளைக் களைவது என்ற வழக்கமான விளக்கத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. பணமும் ஆட்களும் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். தான்சானியாவின் இஃபகாரா சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2006-இல் ஒரு பயிற்சிக் கையேடும் கொண்டுவந்தார்கள். கீழே சொல்லும் கருவிகளில் பல அந்த வட்டாரத்தில் புழங்கித் தேய்ந்து மெருகேறியவை.

படி 1: கேள்வியை முடிவு செய்யாமல் போங்கள்

இதுதான் மிகக் கடினமான படி. பணம் கொடுப்பவர் முதல் பக்கத்திலேயே ஆய்வுக் கேள்வியை எழுதித் தரச் சொல்வார். நீங்களும் 'கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு ஏன் வருவதில்லை' என்று எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். போய்ப் பார்த்தால் ஊர் தண்ணீரைப் பற்றிப் பேசும்.

தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் அகின்கோர்ட் என்ற பகுதி இருக்கிறது. 1992 முதல் அங்கே ஒவ்வொரு குடும்பத்தின் பிறப்பு இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டு இறப்புக்கான காரணத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. இத்தனை தரவு கையில் இருந்தும், அடுத்து எதை ஆராயலாம் என்று மக்களிடமே கேட்கும் ஒரு திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். மக்கள் முன்வைத்தவற்றில் முக்கியமானவை குடிநீரும், மதுவும் போதைப்பொருளும். இறப்புப் பதிவேட்டில் 'தண்ணீர் வரவில்லை' என்று ஒரு காரணம் இருக்காது. ஊருக்குத்தான் அது தெரியும்.

ஆகவே திட்டம் எழுதும்போதே முதல் சில மாதங்களைக் 'கேள்வியைக் கண்டுபிடிக்கும் காலம்' என்று தனியாக எழுதி, அதற்குப் பணமும் ஒதுக்கச் சொல்லுங்கள். பரப்பை மட்டும் முன்கூட்டிச் சொல்லலாம்: 'இந்த மாவட்டத்தில் முதல்நிலைச் சுகாதார சேவை' என்பது போல. அதற்குள் எது முதலில் என்பதை ஊர் சொல்லட்டும்.

படி 2: எந்த வாசல் வழியாக உள்ளே போவது

அமைச்சகத்தின் அனுமதி, நாட்டின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மாவட்டச் சுகாதார அலுவலகம், பிறகு ஊர்த்தலைவர். இந்த வரிசையில் எதையும் தாண்டிப் போக வேண்டாம். கென்யாவில் ஊர்க்கூட்டத்தை 'பராசா' என்பார்கள், போட்ஸ்வானாவில் 'க்கோட்லா'. அங்கே நின்று, யார் நீங்கள், யார் பணம், எவ்வளவு நாள் இருப்பீர்கள், போகும்போது எதை விட்டுவிட்டுப் போவீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் தலைவர் தரும் பெயர்ப் பட்டியலோடு நின்றால் ஆய்வு அங்கேயே பாதி செத்துவிடும். அதில் பெரும்பாலும் யார் இருக்க மாட்டார்கள் என்று பாருங்கள். வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள், திருமணமாகாத இளம் தாய்மார்கள், மாற்றுத்திறனாளிகள், எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், பாலியல் தொழிலாளர்கள், மனநோய் உள்ளவர்கள். சுகாதார அநீதியின் முழுச் சுமையும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. இவர்களைத் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் சந்தையிலும் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வெளியே வரும் வழியிலும்தான் பார்க்க முடியும். நைரோபியின் கரியோபாங்கி குடியிருப்பில் நடந்த ஒரு பங்கேற்பு ஆய்வு மனநோய் உள்ளவர்களையும் அவர்களின் குடும்பத்தாரையும் சுகாதாரப் பணியாளர்களோடு ஒன்றாக உட்கார வைத்தது. 'அவர்களால் பேச முடியாது' என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தையும் பாருங்கள். மலாவி, ஜாம்பியா பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம், விதைப்பும் களையெடுப்பும் அப்போதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை வீட்டில் பழைய தானியம் தீர்ந்து புதுசு வராத பசிக்காலம். அந்த மாதங்களில் ஒரு தாயை நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார வைப்பது தவறு.

படி 3: கூட்டத்தை நடத்தப்போகிறவர்களைத் தயார் செய்வது

கூட்டத்தை நீங்கள் நடத்தக் கூடாது. உள்ளூர் மொழி பேசும், உள்ளூரில் வாழும் ஆட்கள் நடத்த வேண்டும்: ஒரு செவிலியர், ஒரு ஆசிரியர், இளைஞர் குழுவில் ஒருவர், சுகாதாரக் குழு உறுப்பினர் ஒருவர். ஒரு ஊருக்கு இரண்டு மூன்று பேர் போதும்.

இவர்களுக்கான பயிற்சி வகுப்பறைப் பாடமாக இருக்கக் கூடாது. நான்கைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே ஒருவர் நடத்த, மற்றவர்கள் ஊர்மக்களாக உட்கார வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே பக்கத்து ஊருக்குப் போய் உண்மையாக ஒரு முறை செய்து பார்க்கட்டும். கற்க வேண்டிய பெரிய விஷயம் வாயை மூடிக்கொண்டிருப்பது. கேள்வி கேட்டபிறகு வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அதிகம் பேசும் பெரியவரை மரியாதையாக நிறுத்தத் தெரிய வேண்டும். வரைந்துகொண்டிருக்கும் குச்சியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நகரத் தெரிய வேண்டும். படித்த செவிலியருக்கு இதுதான் மிகக் கஷ்டம். தவறான தகவல் காதில் விழுந்தால் உடனே திருத்தத் தோன்றும். திருத்தலாம், ஆனால் பேசி முடித்தபிறகு.

படி 4: தரையில் ஊரைப் போடுவது

மரத்தடியில் கொஞ்சம் தரையைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஊரை வரையச் சொல்லுங்கள். பாதை, ஆறு, கிணறு, பள்ளி, சுகாதார நிலையம், நாட்டு வைத்தியர் வீடு, மருந்துக்கடை, மது விற்கும் இடம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு கல், கடந்த வருடம் இறப்பு நடந்த வீட்டில் ஓர் இலை.

ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஊர்தான். ஆனால் பெண்களின் படத்தில் விறகு கிடைக்கும் இடமும், இருட்டியபின் போகப் பயப்படும் பாதையும் இருக்கும், ஆண்களின் படத்தில் அவை விட்டுப்போகலாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோரையும் சுற்றி நடக்க விடுங்கள். அந்த நடையில் வரும் பேச்சுதான் முதல் தரவு, ஒருவர் அதை எழுதிக்கொண்டே வரட்டும்.

படத்தைப் பெரிய சார்ட் தாளில் பிரதி எடுங்கள். அந்தத் தாள் ஊருக்கு, அதன் நகல் உங்களுக்கு.

படி 5: பயறு மணி வாக்கு

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படம் போட்டபோது வெளிவந்த பிரச்சினைகளை ஒவ்வொன்றாக ஒரு அட்டையில் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு சித்திரமும் போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வெளியே நிற்கக் கூடாது. அட்டைகளைத் தரையில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொருவர் கையிலும் மூன்று பயறு மணியோ சோள மணியோ கொடுங்கள். எதை முதலில் தீர்க்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ அதன்மேல் வைக்கட்டும். மூன்றையும் ஒன்றிலேயே வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம்.

இளம்பெண்கள், வயதான பெண்கள், இளைஞர்கள், பெரியவர்கள், சுகாதார நிலையப் பணியாளர்கள் என ஐந்து குழுவாகத் தனித்தனி இடத்தில் இதைச் செய்யுங்கள். ஒருவர் வைப்பதை இன்னொருவர் பார்த்து மாற்றிவிடுவார் என்று தோன்றினால் அட்டைகளுக்குப் பின்னால் மூடிய டப்பாக்கள் வையுங்கள்.

பிறகு எண்ணுங்கள். ஒரு கற்பனை உதாரணம்: 'மருந்து இல்லை' என்ற அட்டைக்குப் பணியாளர்கள் 12 மணி வைத்திருக்கிறார்கள், இளம்பெண்கள் 4 தான் வைத்திருக்கிறார்கள். 'செவிலியர் திட்டுகிறார்' என்ற அட்டைக்கு இளம்பெண்கள் 14, பணியாளர்கள் பூஜ்யம். இந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் எல்லாம் போயிற்று. ஆய்வின் சாரமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. குழுவாரியாகவே அட்டவணை போடுங்கள், ஊர் முன்னால் அப்படியே வாசியுங்கள். ஆனால் 'திட்டுகிறார்' என்பதை வாசிக்கும் முன் அந்தச் செவிலியரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். அவரைச் சபையில் தலைகுனிய வைத்தால் அவரும் வரமாட்டார், மாற்றமும் வராது.

வரிசைப்படுத்தியதோடு மணிகளை அள்ளிவிடாதீர்கள். 'இதில் ஏன் இத்தனை?' என்று கேளுங்கள்.

படி 6: 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போவது

ஒரு பெண் வீட்டிலேயே பிரசவித்தாள். ஏன்? சுகாதார நிலையம் தொலைவு, இரவு, வண்டி இல்லை. தாய்மார் தங்கும் விடுதி முன்கூட்டியே போய்த் தங்கத்தானே இருக்கிறது? அங்கே சமைக்க வசதி இல்லை, மற்ற குழந்தைகளை யாரிடம் விடுவது. ஏன் வசதி இல்லை? மாவட்டத்திலிருந்து பணம் வரவில்லை. ஏன் வரவில்லை? மாவட்டத்துக்கே குறைவாகத்தான் வருகிறது. ஏன்? 2001-இல் நைஜீரியாவின் அபுஜாவில் ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள் அரசுச் செலவில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி கொடுத்தார்கள். பெரும்பாலான நாடுகள் அந்த அளவை எட்டவில்லை.

இப்படி ஏணி ஏறியபின் காரணங்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஊரே செய்துகொள்ளக் கூடியவை, மாவட்டம் செய்ய வேண்டியவை, தலைநகரம் செய்ய வேண்டியவை. பல திட்டங்கள் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. 'கை கழுவுங்கள், கொசுவலை கட்டுங்கள்' என்று ஊருக்கு வேலை கொடுத்துவிட்டு அரசு தப்பித்துக்கொள்ளும். மூன்றாவது வகைக்கும் ஒரு மனு, ஒரு சந்திப்பு, ஒரு தேதி இருந்தால்தான் இதற்கு நீதி என்ற பெயர் பொருந்தும்.

படி 7: பணியாளரும் ஊரும் எதிரெதிரே

முன்பு சொன்ன 2006 பயிற்சிக் கையேட்டில் வரும் ஒரு பயிற்சி 'மார்கோலிஸ் சக்கரம்'. நாற்காலிகளை இரண்டு வட்டமாகப் போடுங்கள், உள்வட்டத்தில் இருப்பவர் வெளிவட்டத்தைப் பார்த்து உட்காரட்டும். உள்ளே பணியாளர்கள், வெளியே ஊர்மக்கள். வெளியே இருப்பவர் ஒரு பிரச்சினையைச் சொல்வார், எதிரே இருப்பவர் யோசனை சொல்வார். சில நிமிடத்தில் வெளிவட்டம் ஓர் இடம் நகரும். அதே பிரச்சினைக்கு அடுத்தவர் வேறு யோசனை சொல்வார். பாதியில் பாத்திரங்கள் மாறும்: செவிலியர் தன் பிரச்சினையைச் சொல்ல, விவசாயி யோசனை சொல்வார்.

அப்போதுதான் ஊருக்குத் தெரியும், அந்த ஒரே செவிலியர் காலையிலிருந்து தனியாகத் தடுப்பூசியும் போட்டு, பிரசவமும் பார்த்து, பதிவேடும் எழுதுகிறார் என்று. ஜாம்பியாவின் லுசாகாவில் மாவட்டச் சுகாதாரக் குழுவினரே இம்மாதிரி முறைகளைக் கையிலெடுத்துச் சுகாதார நிலையங்களுக்கும் மக்களுக்கும் இடையே வேலை செய்தார்கள். இதை வெளியாள் செய்வதைவிட அரசு ஊழியரே செய்வது நீண்ட நாள் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டம், சுகாதார நிலையங்களுக்கு மக்கள் இடம்பெறும் குழு இருக்க வேண்டும் என்கிறது. கென்யாவின் 2010 அரசியலமைப்பு 43-ஆம் பிரிவில் சுகாதாரத்தை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. குழுவில் இருப்பவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

படி 8: செய்து பார்ப்பது, அளப்பது

இரண்டு மூன்று வேலைகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். யார், எப்போது, எதைக் கொண்டு. இவ்வளவுதான் திட்டம்.

அளப்பதற்குச் சக்கர வரைபடம் எளிது. ஒரு வட்டத்தைக் கேக்கு போலத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டும் ஓர் இலக்கு: 'செவிலியர் மரியாதையாகப் பேசுகிறார்', 'குழு மாதம் ஒரு முறை கூடுகிறது', 'மருந்து வந்த கணக்கு பலகையில் எழுதப்படுகிறது'. நடுவிலிருந்து வெளியே ஒன்று முதல் ஐந்து வரை கோடு. இன்று எவ்வளவு என்று எல்லோரும் சேர்ந்து நிறம் தீட்டுங்கள். மூன்று மாதம் கழித்து வேறு நிறத்தில் மறுபடி. மலாவியில் 2002-இல் கேர் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கிய சமூக மதிப்பெண் அட்டையும் இதே குடும்பம்தான். மக்கள் ஒரு மதிப்பெண், பணியாளர் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு நேருக்கு நேர் பேசுவார்கள்.

மக்கள் போடும் மதிப்பெண்ணை நிலையத்தின் பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் ஒன்றைத் தூக்கி எறியாமல், ஏன் என்று ஊரிடமே கேளுங்கள்.

சரி, இதெல்லாம் உயிரைக் காப்பாற்றுமா?

நேர்மையாகப் பார்த்தால், சில இடங்களில் நிச்சயமாகக் காப்பாற்றியிருக்கிறது, சில இடங்களில் இல்லை.

மலாவி, இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளில் பெண்கள் குழுக்கள் உள்ளூர்ப் பெண் ஒருவரின் வழிநடத்தலில் மாதந்தோறும் கூடி, பிரசவப் பிரச்சினைகளை அலசி, தீர்வு செய்து பார்த்தன. இப்படி நடந்த 7 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு, தாய் இறப்பு 37 சதவீதமும் பிறந்த குழந்தை இறப்பு 23 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. கர்ப்பிணிகளில் 30 சதவீதத்துக்கு மேல் கலந்துகொண்ட இடங்களில் பலன் இன்னும் அதிகம். பத்துப் பேர் வந்துபோகும் குழு வைத்துவிட்டு ஊரே பங்கேற்றது என்று எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களை எடுத்து, அவற்றில் பாதியில் மக்கள் கண்காணிப்பு நடத்திய ஓர் ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009-இல் வெளியிட்டது. பின்னர் அதே நாட்டில் 376 நிலையங்களைக் கொண்டு அதைப் போன்ற ஒன்றைச் சோதித்தபோது சிகிச்சையின் தரத்தில் சிறிய முன்னேற்றம் வந்தது, இறப்பு குறையவில்லை.

கானாவின் வடக்கில் நவ்ரோங்கோவில் 1994-இல் தொடங்கிய சோதனை இன்னொரு பாடம். பயிற்சி பெற்ற செவிலியரை ஊருக்குள்ளேயே குடிவைத்த இடங்களில் குழந்தை இறப்பு மூன்று வருடத்தில் பாதிக்கும் மேல் குறைந்தது. தன்னார்வலர்களை மட்டும் நம்பிய இடங்களில் அந்தப் பலன் இல்லை. ஊரைக் கூட்டிப் பேசவைத்தால் செவிலியர் தேவையில்லை என்று எந்த அமைச்சராவது சொன்னால், இந்த முடிவை அவர் மேசையில் வையுங்கள். அதே சோதனையிலிருந்து பிறந்ததுதான் செவிலியரை ஊருக்குள் குடிவைக்க 1999-இல் கானா நாடு முழுக்க எடுத்துக்கொண்ட கொள்கை.

ஆற்றோரக் குருட்டு நோய் ஒழிப்பையும் சொல்லாமல் விட முடியாது. ஐவர்மெக்டின் மருந்தை யார் விநியோகிப்பது, எந்த மாதத்தில், வீடு வீடாகவா ஒரே இடத்திலா என்பதை ஊரே தீர்மானிக்கலாம் என்று 1990-களின் நடுவில் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1997-இல் அதுவே இந்த நோய்க்கான ஆப்பிரிக்கத் திட்டத்தின் வழிமுறையானது. அளவுக்கோடு போட்ட ஒரு கம்பின் அருகே நிற்கவைத்து, உயரத்தைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று ஊர்க்காரரே கொடுத்தார்.

படி 9: ஒப்புதல், பெயர், படம், பணம்

நமீபியா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பகுதிகளில் வாழும் சான் மக்கள் மரபணு ஆய்வாளர்களால் நொந்துபோய், 2017-இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறியைத் தென்னாப்பிரிக்காவில் வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதியும் நியாயமும், அக்கறை, முறையான நடைமுறை. அதை வாசித்துவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும். ஒரு பெண்ணின் ஒப்புதலைத் தலைவரின் ஒப்புதல் ஈடுசெய்யாது. தலைவர் சம்மதித்தாலும் அவள் மறுக்கலாம்.

2002-இல் கேப் டவுனின் கயெலிட்சாவில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் தங்கள் உடலின் வெளிக்கோட்டை ஆளுயரத்துக்கு வரைந்து, அதற்குள் வைரஸையும் தழும்பையும் நம்பிக்கையையும் தீட்டினார்கள். வலிமையான முறை அது. ஆனால் ஓவியமோ புகைப்படமோ ஊருக்குள் ஒருவரை அடையாளம் காட்டிக்கொடுக்கும். எங்கே காட்டலாம், எங்கே கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் அவரிடமே கேளுங்கள். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்று சொல்லலாம்.

பணம்: பயணச் செலவும் மதிய உணவும் கொடுங்கள். பக்கத்து ஊரில் வேறு திட்டம் எவ்வளவு தருகிறது என்று விசாரித்து, அதை ஒட்டியே கொடுங்கள். கட்டுரை எழுதும்போது கூட்டம் நடத்திய செவிலியரின் பெயர் நன்றியுரையில் மட்டும் இருந்தால் அது நியாயமில்லை. யாருடைய பெயர் எங்கே வரும் என்பதை முதல் மாதமே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

படி 10: திறன் வளர்ப்பு என்றால் பயிலரங்கு மட்டும் இல்லை

நகரத்து ஓட்டலில் ஐந்து நாள் பயிலரங்கு, சான்றிதழ், குழுப் புகைப்படம். இதற்குத் திறன் வளர்ப்பு என்று பெயர் வைத்துச் செலவழித்த பணம் கொஞ்சநஞ்சமில்லை.

ஈக்வினெட் வட்டாரத்தில் பார்த்த வேறு வழி இப்படி: பயிற்சிக்கு வரும்போதே ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் கொண்டுவருவார். பயிற்சி முடிந்ததும் ஒரு சிறிய நிதி, ஓர் அனுபவசாலியின் வழிகாட்டல், பல மாதக் களவேலை. பிறகு எல்லா நாட்டினரும் மறுபடி கூடி, செய்ததைக் காட்டி, எழுதக் கற்று, அறிக்கையை வெளியிடுவார்கள். கென்யாவில் செய்தவர் அடுத்த முறை ஜாம்பியாக்காரருக்கு வழிகாட்டுவார். ஆசிரியர் எப்போதும் லண்டனிலிருந்து வர வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மட்டத்தில் 2008-இல் தொடங்கிய 'கார்ட்டா' என்ற கூட்டமைப்பு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே முனைவர் பட்ட ஆய்வாளர்களை உருவாக்குகிறது. நைரோபியின் ஆப்பிரிக்க மக்கள்தொகை, சுகாதார ஆய்வு மையமும் ஜோஹனஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகமும் அதை முன்னின்று நடத்துகின்றன. 2022-இல் கேப் டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்து வந்த அறிக்கையும், பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் சேர்ந்து செய்யும் ஆய்வில் நியாயத்தையே மையமாக வைத்தது.

நீங்கள் ஒரு திட்டத்தில் சேர்வதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் எந்த நாட்டு வங்கிக் கணக்கில் இருக்கிறது? தரவுக் கோப்பு யாருடைய கணினியில் இருக்கிறது? ஊரிலிருந்தோ மாவட்டத்திலிருந்தோ யாராவது ஒருவர் நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு உட்கார்ந்திருக்கிறாரா? பதில் திருப்தியாக இல்லையென்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கிளம்பும் வாரம்

அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில், படங்களோடு, இரண்டு பக்கத்தில் கொடுங்கள். ஊர்க்கூட்டத்தில் வாசிக்கவும் செய்யுங்கள். தவறு என்று யாராவது சொன்னால் அச்சுக்குப் போகும் முன் திருத்துங்கள். சமூக வரைபடம் சுகாதார நிலையச் சுவரில் இருக்க வேண்டும், சக்கர வரைபடம் அதன் பக்கத்தில். புதிய சார்ட் தாள், நிறப் பேனா, ஒரு பை பயறு ஆகியவற்றைக் குழுவிடம் விட்டுவிடுங்கள். மாவட்ட அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும், அவர் என்னென்ன ஒப்புக்கொண்டார் என்பதும், எந்தத் தேதிக்குள் என்பதும் ஒரு தாளில் பெரிய எழுத்தில். அடுத்த கூட்டத்தின் தேதியைக் குழுவே குறிக்கட்டும், யார் நடத்துவார் என்பதையும் அவர்களே சொல்லட்டும். அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருக்க வேண்டாம். இரண்டு நாள் கழித்து ஒரு போன் போட்டு, எத்தனை பேர் வந்தார்கள், இந்தத் தடவை பயறு எந்த அட்டையில் அதிகம் விழுந்தது என்று மட்டும் கேளுங்கள்.